டேங்குக்கு மாட்டிய ரெயின்கோட்டு

எங்கள் தெருவில் பலருக்கு நான் என்ன வேலை பார்த்தேன் என்பது கடைசிவரை விளங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "டேங்க்ல வேலை" என்று யாரிடமோ சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் என் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். "லூர்து அக்கா, இன்னிக்கு தண்ணி எப்ப வுடுவீங்க?" என்று கேட்பார்கள். நான் பார்ப்பது குடிதண்ணீர் டேங்க் இல்லை, பீங்கான் சூளைக்கு எண்ணெய் சேர்த்து வைக்கிற டேங்க் என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். பிறகு சலித்துப்போய், "சாயங்காலம் வரும்" என்று சொல்ல ஆரம்பித்தேன். பெரும்பாலும் வந்தது. அதனால் தெருவில் என் மதிப்பு கூடியது. இந்த வேலையில் நான் சம்பாதித்த மரியாதையில் பாதி அப்படி வந்ததுதான். மீதிப் பாதியை எப்படி இழந்தேன் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

டேங்க் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். எந்த வால்வை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் வந்துவிடும். பம்ப் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதை நான் மறுபடி ஒப்பிக்க வேண்டியதில்லை. சுவரில் எழுதியிருப்பது தெரிந்த ஒருத்தி எப்படி அதற்கு நேர்மாறாக நடந்துகொள்வாள் என்பதுதான் எனக்குத் தெரியும். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

ஒரு சின்ன உதாரணம் முதலில். எங்கள் காலத்து டேங்கில் அளவைக் காட்ட வெளிச்சுவரில் ஒரு பலகையும் முள்ளும் இருக்கும். உள்ளே எண்ணெய் மேல் ஒரு மிதவை. மிதவையில் கட்டிய கம்பி மேலே போய், வெளியே இறங்கி, அந்த முள்ளைத் தூக்கிப் பிடித்திருக்கும். மிதவை ஏறினால் முள் இறங்கும். அதாவது டேங்க் நிறைந்திருந்தால் முள் கீழே, காலியாக இருந்தால் முள் உச்சியில். எல்லாம் தலைகீழ். சேர்ந்த முதல் வாரத்தில் முள் உச்சியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, டேங்க் நிறைந்து வழியப்போகிறது என்று நான் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். சொன்னதோடு விடாமல், வாசலில் எண்ணெயோடு நின்ற லாரியை, இடமில்லை, நாளைக்கு வாங்க என்று திருப்பியும் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் உண்மை தெரிந்தது. லாரி உளுந்தூர்பேட்டை ரோட்டில் ஒரு கடை வாசலில் நின்றதால் பிழைத்தேன். டிரைவர் பரோட்டாவைச் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் கைகட்டி நின்றேன். அவர் வேண்டுமென்றே நிதானமாகச் சாப்பிட்டார்.

அது தெரியாமல் செய்தது. ரெயின்கோட்டு விஷயம் அப்படியில்லை. அப்போது எனக்கு வேலை நன்றாகத் தெரியும்.

எங்களுடையது பொதுச் சூளை. ஊரைச் சுற்றியிருக்கிற சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள் பொம்மை, விளக்கு, ஃப்யூஸ் கட்டை என்று செய்து, காயவைத்து, மெருகு பூசி எங்களிடம் கொண்டுவருவார்கள். அவற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளில் அடுக்கி, நீளமான குகை போன்ற சூளைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுவோம். ஒரு பக்கம் பச்சையாகப் போவது, மறுபக்கம் பீங்கானாக வெளியே வரும். சூளை அணையவே கூடாது. பாதியில் சூடு இறங்கினால் உள்ளே இருக்கிற அத்தனை பேருடைய உழைப்பும் விரிசல் விட்டுவிடும். அந்தச் சூளைக்கு எண்ணெய் கொடுப்பது பெரிய டேங்க். அங்கிருந்து பம்ப் வைத்துச் சூளைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன டேங்குக்கு எண்ணெய் ஏற்றுவது என் வேலை. சின்ன டேங்கில் இருப்பது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்.

சூளைக்குப் பொறுப்பு கலியமூர்த்தி சார். என் வயதுதான். நல்ல மனிதர், ஆனால் நல்ல வார்த்தைகளைக் கஞ்சத்தனமாகச் செலவழிப்பவர். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் பர்னர்கள் சீறிச் சீறி எரிய ஆரம்பித்தன. எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் ஆகும். காலையில் எல்லாரும் டீ குடிக்கிற இடத்தில், மேனேஜர் முன்னால், அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எண்ணெயில தண்ணி வருது. டேங்க் பக்கம் யாரு இருக்காங்க, இல்ல யாருமே இல்லையான்னு எனக்குத் தெரியில."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். டேங்க் கூரையில், ஏணி முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், வென்ட் என்கிற மூச்சுக் குழாய் நட்டுக்கொண்டு நிற்கும். டேங்கிலிருந்து எண்ணெய் வெளியே போகும்போது அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகும். எண்ணெய் உள்ளே வரும்போது காற்று வெளியேறும். அந்தக் குழாய்க்கு மழை விழாமல் தகரத்தில் ஒரு தொப்பி இருந்தது. துருப்பிடித்துப்போய் ஒரு புயல்காற்றில் அது கழன்று எங்கோ போய்விட்டது. புதுத் தொப்பி கேட்டிருந்தோம். வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழை அதற்கு முன்னால் வந்துவிட்டது.

டீ குடித்த கையோடு ஏணியில் ஏறினேன். என்னுடைய மஞ்சள் ரெயின்கோட்டை எடுத்து அந்தக் குழாயின் தலையில் கவிழ்த்து, கட்டுக்கம்பியால் கட்டினேன்.

டேங்க் மூச்சு விடவேண்டும் என்று இவளுக்குத் தெரியாதா என்று நீங்கள் நினைப்பீர்கள். தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் முதலில் தளர்வாகக் கட்டினேன். ஓரத்தில் காற்று போய்வர இடம் விட்டேன். ஆனால் மத்தியானம் காற்று அடித்து ரெயின்கோட்டு படபடவென்று துடித்தது. இது பறந்துபோனால் நாளைக்குக் கலியமூர்த்தி டம்ளரைப் பார்த்து என்ன சொல்வார் என்ற நினைப்பு வந்தது. மறுபடி ஏறி இன்னும் சில சுற்று கம்பி போட்டு இறுக்கினேன். முதல் தடவை ஏறியவள் டேங்க் ஆபரேட்டர். இரண்டாவது தடவை ஏறியவள் டீ குடிக்கிற இடத்தில் அவமானப்பட்டவள்.

அன்று நனைந்துகொண்டே மொபெட்டில் வீடு போய்ச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பேரம் பேசி அந்த ரெயின்கோட்டை வாங்கித் தந்தவர் என் வீட்டுக்காரர். எங்கே என்று கேட்டார். டேங்குக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன், அதுக்கு சளி புடிச்சிருக்குதா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தியாகம் செய்துவிட்டு வந்திருக்கிறேன், இவருக்கு அது புரியவில்லையே என்றிருந்தது.

மறுநாள் காலையில் பர்னர் நன்றாக எரிகிறது என்று கலியமூர்த்தி சாரே சொன்னார். மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். சொந்த ரெயின்கோட்டைக் கொடுத்த பொறுப்புணர்ச்சி என்றெல்லாம் பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டு, அடக்கமாக இருப்பதுபோல, ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று முற்பகல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. சின்ன டேங்குக்கு எண்ணெய் ஏற்ற பம்ப்பைப் போட்டேன். என்னோடு ஃபிட்டர் சேகர் இருந்தான். திட்டக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன். அதிகம் பேசமாட்டான், சொன்ன வேலையைக் கேள்வி கேட்காமல் செய்வான். அந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அன்று மத்தியானத்துக்குப் பிறகு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் ஓடிய பம்ப், கூழாங்கல்லை அரைப்பதுபோல் சத்தம் போட ஆரம்பித்தது. எண்ணெய் சரியாகப் போகவில்லை. வடிகட்டி அடைத்திருக்கும் என்றேன். கழற்றிச் சுத்தம் செய்தோம். அதில் ஒன்றும் இல்லை. வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்றேன். முழுதாகத்தான் திறந்திருந்தது. மழைக் குளிரில் எண்ணெய் கெட்டியாகிவிட்டது என்றேன். தொட்டுப் பார்த்தால் குழாய் நல்ல சூடாக இருந்தது. ஒவ்வொரு முறையும் நான் அடித்துச் சொன்னேன், சேகர் தலையாட்டினான். பம்ப் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்போது டேங்கிலிருந்து 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"அக்கா, யாரோ டேங்க்ல கல்லு வுட்ட மாரி இருந்துது" என்றான் சேகர்.

காம்பவுண்டுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அவன்கள்தான் என்று முடிவு செய்து, சுவர் ஓரம் கிடந்த டிரம்மில் ஏறி நின்று, மைதானத்தைப் பார்த்துச் சத்தம் போட்டேன். மழை நாள், வேலை நாள், பள்ளிக்கூட நேரம். அங்கே ஓர் எருமை மட்டும் நின்றிருந்தது. நான் திட்டி முடிக்கும்வரை அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டிரம்மிலிருந்து இறங்கும்போது இன்னொரு 'டொம்'.

யாரும் கல் எறியவில்லை என்று இப்போது தெரிந்தது. ஆனாலும் மூளை வேறு பக்கம் ஓடியது. அளவு காட்டுகிற முள் எங்காவது சிக்கிக்கொண்டு பொய் சொல்கிறதோ, டேங்கில் எண்ணெயே இல்லையோ என்று நினைத்தேன். மேலே ஏறி, கூரையில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்து, டேப் இறக்கி உண்மையான அளவைப் பார்க்கச் சொன்னேன். அதை நாங்கள் டிப் பார்ப்பது என்போம். சேகர் டேப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறத் தொடங்கினான்.

அந்த நேரத்தில் கலியமூர்த்தி சார் ஓடிவந்தார். சின்ன டேங்கில் எண்ணெய் இறங்கிக்கொண்டே போகிறது, என்ன நடக்கிறது இங்கே என்று கேட்டார். அவர் பின்னால் குடையோடு வசந்தா வந்தார். நல்லூர்க்காரர். சின்னப் பட்டறை வைத்து கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மைகள் செய்பவர். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஆடு மாடுகள் என்று அந்த வருஷத்து வேலை முழுவதும் அன்று காலைதான் சூளைக்குள் போயிருந்தது. மெருகு உருகுகிற இடத்தை வண்டிகள் நெருங்கிக்கொண்டிருந்தன. அவர் என் முகத்தை மட்டும் பார்த்தார்.

பம்ப்பில் ஏதோ கோளாறு, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். எது எப்படியோ பம்ப்பை மட்டும் நிறுத்தாதே, வருகிற கொஞ்ச எண்ணெயாவது வரட்டும் என்றார் கலியமூர்த்தி சார்.

சேகர் எங்கே இருக்கிறான் என்று பார்க்க நான் டேங்கை விட்டுத் தள்ளி வந்து அண்ணாந்து பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. காலையில் குழாயின் தலையில் குடைபோல விரிந்திருந்த மஞ்சள் ரெயின்கோட்டைக் காணோம். அது குழாய்க்குள் உறிஞ்சப்பட்டிருந்தது. ஒரே ஒரு கை மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. டேங்கின் மேல்சுவர், கீழே விழுந்து நசுங்கிய அலுமினியக் குண்டான் மாதிரி உள்ளே போயிருந்தது.

பம்ப் எண்ணெயை இழுக்க இழுக்க, உள்ளே காற்று போக வழியில்லாமல் டேங்க் தன்னையே உறிஞ்சிக்கொண்டிருந்தது. கூரைத் தகடும் அப்படித்தான் இருக்கும். அதன்மேல் காலை வைக்கத்தான் சேகர் ஏறிக்கொண்டிருக்கிறான். நான்தான் ஏறச் சொன்னேன்.

இனி நான் சொல்வதை மட்டும் நீங்கள் மறக்கக் கூடாது. அந்த நேரத்தில் என் வாயில் முதலில் வந்தது உண்மை அல்ல.

"சேகரு, மழ வருது, எறங்கு" என்றேன்.

தூறல் காலையிலிருந்தே விழுந்துகொண்டிருந்தது. அவன் கீழே பார்த்து, "இன்னும் ரெண்டு படிதாங்க்கா. பாத்துட்டு வந்துடறன்" என்றான். சொன்ன வேலையை முடித்துவிட்டு வருகிறவன் அவன். ஒரு படி ஏறியும் விட்டான்.

பக்கத்தில் கலியமூர்த்தி சார் நிற்கிறார். வசந்தா நிற்கிறார். பாராட்டிய மேனேஜரும் குடை பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார். அத்தனையும் கண்ணில் பட்டது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஓர் ஆளின் உயிருக்கு முன்னால், யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று என் கண் எண்ணிப் பார்த்தது.

"ஏறாத, சேகரு. வென்ட்ட நான் அடச்சி வெச்சிட்டன். என் ரெயின்கோட்டு உள்ள போயிடிச்சி. மேல கால் வெச்சன்னா கூரை உள்ள வாங்கிடும். அப்படியே எறங்கி வந்துடு."

அவன் நின்றான். தலையை உயர்த்தி அந்த மஞ்சள் கையைப் பார்த்தான். பிறகு இறங்கி வந்தான்.

நான் பம்ப் ஸ்விட்சை நோக்கிப் போனேன். கலியமூர்த்தி சார் குறுக்கே வந்தார். நிறுத்தினால் சூளை போய்விடும் என்றார். நிறுத்தாவிட்டால் டேங்க் கிழிந்து எண்ணெயெல்லாம் வெளியே வரும், அப்போதும் சூளை போய்விடும் என்றேன். அவர் விலகினாரா, நான் இடித்துக்கொண்டு போனேனா என்று ஞாபகமில்லை. நிறுத்திவிட்டேன். அந்தக் கூழாங்கல் சத்தம் நின்றதும் எல்லாம் ரொம்ப அமைதியாகிவிட்டது. தூரத்தில் ஜங்ஷனில் ரயில் கூவுவது கேட்டது.

"எம்மா நேரம் ஆவும்?" என்று கேட்டார் அவர்.

'இதோ சார், இப்ப ஆயிடும்' என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்கிற பதில். நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அது தொண்டைவரை வந்தது.

"தெரியாது சார். இருக்கற எண்ணெய வெச்சி சூளையப் புடிச்சி நிறுத்துங்க. என்ன நம்பி எதுவும் செய்யாதீங்க."

அவர் சூளைக்கு ஓடினார். வண்டி தள்ளுவதை நிறுத்தி, முன்பக்கத்துப் பர்னர்களை அணைத்து, நடுவில் மட்டும் சூட்டைப் பிடித்து வைத்தார் என்று பிறகு தெரிந்தது. இப்போது ஆகிவிடும் என்று நான் சொல்லியிருந்தால், அதை நம்பி எல்லாப் பர்னரையும் எரியவிட்டுக் காத்திருந்திருப்பார். சின்ன டேங்க் வறண்டிருக்கும்.

இனி டேங்குக்குள் காற்று விடவேண்டும். ஏணியிலேயே நின்று மூங்கிலில் கத்தி கட்டி ரெயின்கோட்டைக் கிழித்துவிடலாமா என்று சேகர் கேட்டான். மேனேஜர் ஆள்நுழைவு மூடியைத் திறக்கலாமா என்றார். எதுவானாலும் ஒருவர் டேங்கின்மேல் சாய வேண்டும். வேண்டாம் என்றேன். வேறு என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. டேங்கைச் சுற்றி நடந்தேன். ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்று. பார்க்கிறவர்களுக்குக் கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல் இருந்திருக்கும். உண்மையில் வேண்டிக்கொண்டும் இருந்தேன்.

இரண்டாவது சுற்றிலோ மூன்றாவது சுற்றிலோ, லாரியிலிருந்து எண்ணெய் இறக்குகிற குழாய் காலில் இடித்தது. வலியில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் புத்தி வேலை செய்தது. அந்தக் குழாய் சுவரோடு ஏறி, மேலே, எண்ணெய் மட்டத்துக்கு மேலாகத்தான் டேங்குக்குள் திறக்கிறது. லாரி வராத நேரத்தில் காலியாகத்தான் இருக்கும். கீழ்முனையில் ஒரு வால்வும் மூடியும் இருக்கின்றன. மூடியைக் கழற்றி வால்வைத் திறந்தால் காற்று அதன் வழியாக மேலே போகும். யாரும் ஏற வேண்டாம்.

சேகர் மூடியைக் கழற்றினான். தங்கியிருந்த கொஞ்சம் கருப்பெண்ணெய் என் செருப்பில் வழிந்தது. சட்டென்று முழுவதும் திறந்தால் உள்வாங்கிய தகடு எப்படித் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கொஞ்சமாகத் திறக்க நினைத்து வால்வைத் திருகினேன். அசையவில்லை. பலம் முழுவதும் போட்டுத் திருகினேன். அப்போதும் அசையவில்லை.

தள்ளி நிற்கச் சொன்னதைக் காதில் வாங்காமல் எனக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டிருந்த வசந்தா மெதுவாகக் கேட்டார்: "அக்கா, மூடற பக்கம் திருவறீங்களா?"

ஆமாம். அத்தனை வருஷம் வால்வு திருகிய கை, மூடுகிற பக்கம் திருகிக்கொண்டிருந்தது.

எதிர்ப்பக்கம் திருகியதும் 'ஸ்ஸ்' என்று குழாய் காற்றை இழுக்க ஆரம்பித்தது. என் சேலைத் தலைப்பைக்கூட இழுத்தது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி, கொஞ்சம் விட்டு, நிறுத்தி, இன்னும் கொஞ்சம் விட்டேன். தலைக்கு மேல் டேங்க் முனகியது. பிறகு 'டொம்' என்று ஒரு பள்ளம் வெளியே வந்தது. வசந்தாவின் குடை மண்ணில் விழுந்தது. இன்னொரு 'டொம்'. ஒரு பெரிய மடிப்பு மட்டும் வெளியே வராமல் அப்படியே நின்றுவிட்டது. சீறல் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து அடங்கியது.

அதன்பிறகு சேகரும் நானும் சுவர் முழுவதும் எட்டிய இடம்வரை தடவிப் பார்த்தோம். கசிவு இல்லை. வால்வை முழுக்கத் திறந்துவைத்தோம். மூச்சுக்கு அதுவே வழி. மேனேஜரிடமும் கலியமூர்த்தி சாரிடமும் கேட்டுக்கொண்டு, பம்ப்பைப் போட்டு, எண்ணெய் கொஞ்சமாகப் போகும்படி வைத்தேன். சின்ன டேங்க் போதுமான அளவுக்கு வரும்வரை ஒரு கையை ஸ்விட்சிலிருந்து எடுக்கவில்லை. கண்ணை அந்த மடிப்பிலிருந்து எடுக்கவில்லை.

சூளை அணையவில்லை. ஆனால் எல்லாம் தப்பித்தது என்று சொல்ல மாட்டேன். சூடான இடத்துக்குப் போய்ச் சேராமல் பாதி வழியில் நின்றுபோன வண்டியில் இருந்த பொருள்கள் மெருகு சரியாக ஏறாமல் மங்கலாக வந்தன. அதில் வசந்தாவின் மூன்று ராஜாக்கள் மொத்தமாக இருந்தார்கள். நான் அவர் பட்டறைக்குப் போனேன். ராஜாக்களை வரிசையாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடு இப்படி இருந்தா பரவாயில்ல அக்கா. ஆட்டுக்கு என்னா பளபளப்பு. ராஜா இப்படி இருந்தா யாரு வாங்குவாங்க?" என்றார்.

அதில் மூன்று பேரை நான் விலைக்கு வாங்கிக்கொண்டேன். அவர் மறுபடி ராஜாக்களைச் செய்து, சுட்டு முடிக்கும்வரை என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான். அந்த வருஷம் எங்கள் வீட்டுக் குடிலில் மங்கலான ராஜாக்கள் மூன்று பேர் நின்றார்கள். என் வீட்டுக்காரர், ரொம்ப தூரம் நடந்து வந்த ராஜாக்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று சமாதானம் சொன்னார்.

மறுநாள் டீ நேரத்துக்கு நான் தயாராகப் போனேன். வேலை போனாலும் போகட்டும் என்ற முடிவோடுதான் போனேன். நடந்ததை நானே முதலில் சொன்னேன். எதையும் விடவில்லை, எருமையைத் திட்டியதைக்கூடச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர், புதுத் தொப்பியைத் தள்ளித் தள்ளிப் போட்டது தான்தான் என்றார். கலியமூர்த்தி சார் டம்ளரைக் கீழே வைத்தார். ரெயின்கோட்டை நான் கட்டிய அன்றே டேங்க் பக்கம் போனபோது அதைப் பார்த்ததாகவும், இது சரியா என்று தோன்றியதாகவும், தான் பேசிய பேச்சுக்குப் பிறகு இதையும் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். இந்த முறை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கடைசியில் வாட்ச்மேன், எல்லாரும் சொல்கிறார்களே என்று தானும் எழுந்து, அந்தப் பழைய தொப்பி பறந்துபோகவில்லை, கேட் பக்கத்தில்தான் இருக்கிறது, நாய்க்கு அதில்தான் சோறு வைக்கிறேன் என்றார். அப்போதுதான் சிரித்தார்கள்.

எனக்கு வேலை போகவில்லை. ரெயின்கோட்டு அக்கா என்ற பெயர் வந்தது. ஓய்வு பெறும்வரை போகவில்லை. ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில்கூட என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போது உங்களுக்கு அளவு திரையில் வருகிறது. டேங்கில் அழுத்தம் மாறினால் அலாரம் அடிக்கிறது. நல்லதுதான். ஆனால் அலாரம் அடிக்கும்போது அங்கே நிற்கப்போவது நீங்கள்தான். முந்தின நாள் யாரோ உங்களைக் குறைசொல்லியிருப்பார்கள், அல்லது பாராட்டியிருப்பார்கள். இரண்டுமே கண்ணை மறைக்கும். என்ன செய்வது என்று தெரியாவிட்டால் குற்றமில்லை, எனக்கும்தான் தெரியவில்லை. நீங்கள் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும், ஏணியில் இருக்கிறவன் அடுத்த படி ஏறுவதற்குள் சொல்லிவிடுங்கள். மழை வருகிறது என்று சொல்லாதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சூளைக்கு லாரியிலிருந்தே எண்ணெய் கொடுத்தபடி டேங்கைக் காலி செய்து, ஆள் வந்து சோதித்து, தகட்டைச் சரிபார்த்து, வென்ட்டுக்குப் புதுத் தொப்பி போட்டு, மறுபடி எண்ணெய் நிரப்பினோம். முதல் டிப் பார்க்க யாராவது மேலே போகவேண்டும். சேகர் டேப்பை எடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றான்.

கூரை உறுதியாக இருக்கிறது என்று சோதித்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் முதல் காலை வைக்கும் முன் கையால் தட்டிப் பார்த்தேன். வென்ட் பக்கம் போய்த் தொப்பியின் கீழே கையை வைத்துப் பார்த்தேன். எண்ணெய் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டிருந்ததால், லேசான வெதுவெதுப்பான காற்று உள்ளங்கையில் பட்டது. மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சிறுபிள்ளைத்தனம்தான், ஆனால் நான் அதனிடம் ஏதோ சொன்னேன். பிறகு டேப்பை இறக்கி, பித்தளைக் குண்டு அடியில் இடிப்பது கையில் தெரிந்ததும், சுற்றி எடுத்து, துணியால் துடைத்தேன்.

"அக்கா, யாருகிட்ட பேசறீங்க?" என்று கீழிருந்து சேகர் கேட்டான்.

"யாருமில்ல."

"டிப் எவ்ளோங்க்கா?"

கையில் டேப் பளபளவென்று சுத்தமாக இருந்தது. அளவைப் பார்க்காமலே துடைத்துவிட்டிருந்தேன்.

"பாக்கலடா. இரு" என்று சொல்லிவிட்டு மறுபடி இறக்கினேன்.